பதினெட்டு அடி

வீட்டுக்காரியின் தகப்பனார் காணிக் கள்ளன் என்பதைக் கண்டுபிடித்தது சிற்றம்பலம்தான்.

ஊரில் நிலப் பத்திரம் முடிக்கும் ஒரு நொத்தாரிசிடம் இருபத்திரண்டு வருடம் காணி உறுதி எழுதியவர் அவர். 84இல் ஜெர்மனிக்கு வந்தார். இப்போது, 90இல், மனைவி கலாதேவியோடு, பீலெஃபெல்டுக்கு வடக்கே ஒரு பண்ணை வீட்டின் மேல்மாடியில் இருக்கிறார்.

வீட்டுக்காரி ஃபிரீடாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கலியாணம் கட்டவில்லை. க்வேக்கர் சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையார் பொய் சொல்வதில்லை, ஆயுதம் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் கண்ணை மூடிப் பேசாமல் இருப்பதுதான் அவர்களுடைய பிரார்த்தனை. மரியாதைக்காகச் சிற்றம்பலமும் கீழே போய் உட்காருவார். பத்தாவது நிமிடம் குறட்டை விடுவார். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

அந்த வருடம் ஃபிரீடா காணியைத் தம்பி மகன் பெயருக்கு மாற்ற நினைத்தார். பழைய பத்திரங்கள் வேண்டும் என்றார்கள். ஐந்து தலைமுறைப் பத்திரங்கள் அடைந்த பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார். பார்த்ததுமே சிற்றம்பலத்துக்குக் கை துறுதுறுத்தது. தானே அடுக்கித் தருவதாகச் சொன்னார்.

கையெழுத்து அவருக்கு விளங்கவில்லை. ஃபிரீடா வாசித்துச் சொன்னார். கொள்ளுப்பாட்டன் படையில் சேர மறுத்ததற்காக அரசாங்கம் இரண்டு பசுக்களைப் பிடித்துக்கொண்டு போன ரசீதுகூட இருந்தது. ஆனால் காணி வரைபடம் எந்த மொழியில் இருந்தாலும் சிற்றம்பலத்துக்கு விளங்கும். ஃபிரீடாவின் தகப்பனார் காலத்து வரைபடத்தையும் ஒரு கயிற்றையும் எடுத்துக்கொண்டு போய் வயலை அளந்தார்.

வேலி, பக்கத்து வளவுக்காரர் ஹோல்ட்மானின் காணிக்குள் பதினெட்டு அடி போயிருந்தது.

"ஒரே நாளிலை செய்யேல்லை. வருசத்துக்கு ஒரு முழமாய் அரக்கியிருக்கிறார் மனிசன்" என்று மனைவியிடம் குசுகுசுத்தார். "இப்பிடி எத்தினை வழக்குப் பாத்தனான்."

"இருக்க இடம் தந்த மனிசியிட்டைப் போய் உங்கடை அப்பன் கள்ளன் எண்டு சொல்லப் போறியளோ? வாயை மூடிக்கொண்டு இருங்கோ" என்றார் கலாதேவி.

சிற்றம்பலமும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஆனால் அந்த ஞாயிறு அவருக்கு நித்திரை வரவில்லை. பிரார்த்தனை முடிந்ததும் ஃபிரீடா கவலையோடு வந்து, இன்றைக்குக் குறட்டை கேட்கவில்லையே, உடம்புக்கு ஏதாவதோ என்று விசாரித்தார். அவ்வளவுதான். மனிதர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

ஃபிரீடாவின் முகம் சிவந்தது. தகப்பனார் யுத்தத்துக்குப் போக மறுத்துச் சிறைக்குப் போனவர். 43இல் அங்கேயே செத்தவர். அவரா களவெடுத்தார்?

சிற்றம்பலம் தொழில்முறையில் ஆறுதல் சொன்னார். இத்தனை வருடம் அனுபவித்த காணியை இனி யாரும் கேட்க ஏலாது, பேசாமல் இருந்தால் போதும் என்றார். ஃபிரீடா எழுந்து சப்பாத்தைப் போட்டார். இத்தனை காலமும் ஹோல்ட்மானின் நிலத்தில் விளைந்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டிருக்கிறோம், வாருங்கள் போவோம் என்றார்.

கலாதேவியும் கூடப் போனார். ஹோல்ட்மான் என்றாலே அவருக்குப் பிடிக்காது. வணக்கம் சொன்னால் திருப்பிச் சொல்லமாட்டார். ஃபிரீடா எதிரில் வந்தால் தெருவின் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். கலாதேவி அவருக்கு வைத்த பெயர் உம்மணாமூஞ்சி.

வரைபடத்தைக் கண்டதும் உம்மணாமூஞ்சி கறுத்துப்போனது. உன்னை யார் அளக்கச் சொன்னது என்று சிற்றம்பலத்தைப் பார்த்து உறுமிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அடுத்த நாள் ஃபிரீடா ஒரு சாக்கு உருளைக்கிழங்கை அவர் வாசலில் வைப்பித்தார். தள்ளுவண்டியில் கொண்டுபோனது சிற்றம்பலம். பின்னேரம் சாக்கு ஃபிரீடாவின் வாசலில் இருந்தது. மறுபடி கொண்டுபோனார். மறுபடி வந்தது. நாலு நாளில் சாக்கு கிழிந்தது. சிற்றம்பலத்துக்கு முதுகு பிடித்தது.

ஐந்தாம் நாள் ஹோல்ட்மானே வந்தார். கிழங்கு ஒரு வாளியில் இருந்தது. மற்றக் கையில் ஒரு பழைய காகிதம்.

அவருடைய தகப்பனார் எழுதிவைத்தது. ஃபிரீடா சத்தமாக வாசிக்க, கலாதேவி அரைகுறை ஜெர்மன் தெரிந்த புருசனுக்குத் தமிழில் சொன்னார்.

43இலிருந்து பன்னிரண்டு வருடம், ஒவ்வொரு வசந்தத்திலும் உழும்போது வேலிக் கட்டைகளைப் பிடுங்கி, ஒரு முழம் தள்ளித் தன் பக்கமே நட்டது அவர்தான். பக்கத்து வீட்டுக்காரன் சிறையில் செத்துப்போனான். ஐந்து பிள்ளைகளோடு பெண்சாதி தனிய. சும்மா கொடுத்தால் வாங்கமாட்டாள். தெரிந்தால் அடுத்த நாளே திருப்பித் தந்துவிடுவாள், அவர்களின் சாதி அப்படி. ஆனபடியால் மகனே, ஒருக்காலும் சொல்லிவிடாதே.

வாசித்து முடித்த ஃபிரீடா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த ஐந்து பிள்ளைகளில் மூத்தது அவர்.

பிறகு ஃபிரீடா கேட்டார். கோபமில்லை என்றால், இந்த முப்பது வருடமாக ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் ஏன் தெருவைக் கடந்து போனாய்?

ஹோல்ட்மான் தொப்பியைக் கழற்றி விரல்களுக்கு இடையில் சுற்றினார். அவர் முணுமுணுத்ததைக் கலாதேவி தமிழில் சொன்னார்.

"தனக்கு ரகசியம் காக்கத் தெரியாதாம். ஒரு வார்த்தை கதைச்சாலும் இது வாயிலை வந்திடும் எண்டு பயமாம்."