தண்ணீர் வைத்த கை

"பாட்டிலை மாத்தி ஊத்தினது நீதான். ஒத்துக்கோ!"

கௌசிகா போட்ட சத்தத்தில், அவளோடு அதே லேபில் ஆராய்ச்சி செய்யும் ஃபிரோஸ் கையிலிருந்த பஞ்சை நழுவ விட்டான்.

"நான் மாத்தலை. லேபிளைப் பார்த்துத்தான் ஊத்தினேன்."

"அப்ப இது என்ன?"

கம்ப்யூட்டர் திரையில் இரண்டு கோடுகள். பூவாத்தாளின் வலது முன்கையில் ஒட்டிய சின்னக் கிண்ணத்தில் மருந்து. இடது கைக் கிண்ணத்தில் வெறும் தண்ணீர். இரண்டிலும் லேசாகக் கரண்ட் விட்டால், மருந்து தோலுக்குள் இறங்கி, வலது கையில் ரத்த ஓட்டம் ஏற வேண்டும். இடது கை சும்மா கிடக்க வேண்டும். அது கிடந்தால்தான், வலது கையில் ஏறியது மருந்தால் என்று நம்பலாம்.

போன வாரம் அப்படித்தான் வந்தது. இன்றைக்கோ தண்ணீர் வைத்த கை, மருந்து வைத்த கையை முந்திக்கொண்டு போகிறது!

"தண்ணிக்கு எப்படிடா ரத்தம் இப்படி ஓடும்?"

"அதான் எனக்கும் புரியலை. மெஷின் கோளாறோ?"

"நேத்துத்தானே சரி பார்த்தோம்?"

"கரண்டு கூடிருச்சோ?"

"ரெண்டு கைக்கும் ஒரே கரண்டு. மிச்சம் நீதான்! தாத்தா காலத்துக் கடைன்னு பீத்திக்குவியே, அங்கயும் இப்படித்தான் நல்லெண்ணெய் கேட்டா மண்ணெண்ணெய் ஊத்துவீங்களா?"

"கடையை எதுக்கு இழுக்கறே?"

நாற்காலியில் சாய்ந்திருந்த பூவாத்தாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆராய்ச்சிக்குக் கை கொடுக்க எருத்தேன்பதியிலிருந்து பஸ் ஏறி, காபிகூடக் குடிக்காமல் வந்திருந்தாள். கௌசிகாவுக்கென்று தோட்டத்துப் பச்சை மிளகாய் ஒரு பை வேறு.

"எதுக்குங்க அம்முணி சண்டை?"

"உங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்கக்கா. செத்த சும்மா இருங்க."

ஃபிரோஸ் பூவாத்தாளின் இடது கையிலிருந்த கிண்ணத்தைப் பிரித்தெடுத்தான். நெற்றி வியர்வையையும் கண்ணையும் புறங்கையால் துடைக்கப் போனவன், விரலாலேயே துடைத்துக்கொண்டான். சற்று நேரத்தில் அவன் கண்கள் சிவந்து, தாரை தாரையாக நீர் வழிந்தது.

"ஓ, அழுது சாதிக்கப் பார்க்கறயா? தப்புப் பண்ணினவன்தான் அழுவான். கைடு மேடத்துக்குப் போன் போடறேன். இந்த லேப்ல நீ இருக்கறயா, நான் இருக்கறேனான்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்!"

"நான் அழலை..." கண்ணைத் திறக்க முடியாமல் ஃபிரோஸ் குழாயைத் தேடிப் போனான்.

கௌசிகா போனை எடுத்தாள். பூவாத்தாள் நாற்காலியிலிருந்தே எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாமுங்க அம்முணி. அந்தத் தம்பி அழுகலீங்க. கண்ணு எரியுதுங்க. என்ற எடது கையத் தொட்டுப்போட்டுக் கண்ணத் தேச்சுட்டாப்பல."

"உங்க கையில என்ன?"

பூவாத்தாள் தலை குனிந்தாள்.

"போன வாரம் இந்தக் கைக் கோடு அசையவே இல்லைன்னு சொன்னீங்க. அப்பறம் போன்ல யாருகிட்டயோ, ரிசல்ட்டு வரலீன்னா என்ற படிப்பே போச்சுன்னீங்க. எனக்கு ஊட்டுக்குப் போயும் சோறு எறங்கலீங்க. அதான் இன்னைக்கு உள்ள வரதுக்கு முன்னால, வெளிய பைப்புக்கிட்ட நின்னு, பச்சமொளகாய ஒடச்சு நல்லாத் தேச்சு, கழுவிட்டு வந்தனுங்க. மொளகா பட்டா ரத்தம் சுர்ருன்னு ஏறுமுங்களே."

முகம் கழுவிக்கொண்டிருந்த ஃபிரோஸ் திரும்பினான்.

"இந்தக் கை ஏறக் கூடாதுன்னு அக்காகிட்ட நீ சொல்லவே இல்லையா?"

கௌசிகா போனைக் கீழே வைத்தாள். மெல்ல அந்தக் கையைத் தொட்டாள். நெருப்பாய்ச் சுட்டது.

அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பூவாத்தாள் பதறினாள்.

"இது பத்தலீங்களா, அம்முணி? பையில இன்னும் மொளகா இருக்குதுங்களே!"