முதல் ரிவிஷன்

"முதல் ரிவிஷன்தான்னு பாக்க வர்றவர் சொன்னா, இது ஹால்லயே இருக்கட்டும். இல்லேன்னா நாளைக்குக் காலையில பழைய இரும்பு லோரிதான்" என்றாள் லோகேஸ்வரி.

சிலாங்கூர் மாநிலத்து அசாம் ஜாவாவில், அவர்கள் வீட்டு ஹாலில், சாமி மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அந்த டிஸ்க் டிரைவ். எண்பதுகளின் ஹோம் கம்ப்யூட்டரோடு வந்தது. ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் அதன் மேல் இன்னும் காய்ந்து கிடந்தது.

வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "முதல் ரிவிஷன், சிலாங்கூர்லயே என்கிட்ட மட்டும்தான்" என்று அளந்துகொண்டிருந்தவர் அவள் கணவர் பாலகிருஷ்ணன். கம்பெனி முதன்முதலில் வெளியிட்ட முதல் ரிவிஷன் அபூர்வம். உள்ளே போர்டை மாற்றிப் பிறகு வந்ததெல்லாம் தெருவுக்குத் தெரு கிடக்கும். இவருடையது எது என்று பழைய கம்ப்யூட்டர் சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ சந்தேகம் கிளப்ப, இடத்தை அடைக்கிறதே என்று புலம்பிக்கொண்டிருந்த மனைவிக்கு வசதியாகப் போயிற்று.

தீர்ப்புச் சொல்ல ரவாங்கிலிருந்து வந்தவர் சிவநேசன். ரிவிஷன் விஷயத்தில் குரூப்பில் அவர் பேச்சுக்கு மறுபேச்சில்லை. மாற்றிச் சொல்லி விற்கிறவன் மாட்டினால் தோலை உரித்துவிடுவார். கூடவே டார்ச் பிடிக்க நண்பர் திவாகரன்.

சிவநேசன் டிரைவைக் கவிழ்த்தார். அடியில் லேபிள், முதல் ரிவிஷன் என்றது. திருகாணியைக் கழற்றி மூடியைத் தூக்கினார். டார்ச் அடித்த திவாகரனுக்கு முகம் மாறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிவநேசன் அவர் காலை மிதித்தார்.

"சந்தேகமே வேணாம்ணே. முதல் ரிவிஷன்தான். பத்திரமா வச்சுக்குங்க."

பாலகிருஷ்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டியா லோகா?"

"கேட்டேன், கேட்டேன். இருந்து தொலையட்டும்" என்று சொல்லி, கேசரி எடுத்துவர உள்ளே போனாள் லோகேஸ்வரி.

கார் ஏறியதும் திவாகரன் பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணே இது? முதல் ரிவிஷன் எண்பத்திரண்டோட நின்னுபோச்சு. உள்ள இருக்கிற சிப்புல எண்பத்தாறுன்னு போட்டிருக்கு. போர்டும் கடைசி ரிவிஷன். லேபிள் மட்டும் எவனோ ஒட்டினது. போன வாரம் நான் தெரியாம மாத்திச் சொன்னதுக்குக் குரூப்புல என்னைக் கிழிச்சீங்களே?"

"அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தியா? உண்மையச் சொன்னா நாளைக்கு லோரிதான்லா. மனசு வரல."

இவரைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று திவாகரனுக்கு வெட்கமாக இருந்தது.

"உங்க மனசு யாருக்கும் வராதுண்ணே. ஆனா வித்தவன சும்மா விடக்கூடாது. குவாலா சிலாங்கூர் பழைய சாமான் கடையிலதான் வாங்கினாராம். பக்கம்தானே, காரைத் திருப்புங்க. அந்தக் கடைக்காரன நாலு கேள்வி கேட்டுட்டுப் போவோம்."

சிவநேசன் ரவாங் ரோட்டில் வேகத்தைக் கூட்டினார்.

"கடைக்காரன ஒண்ணும் சொல்லாதலா. பாவம், நான் லேபிள் ஒட்டிக் குடுத்தத அப்படியே நம்பி வித்தவன்."