மாஸ்ரரின் கார்

"ஒயில் குறைஞ்சால் ஸ்ரேறிங் கல்லுமாதிரி இறுகும். கண் ஒப்பிறேசன் செய்த மனிசன் அதோடை மல்லுக்கட்டுறதே?" என்றபடி மரியரட்ணம் காரின் பொனற்றைத் தூக்கி முட்டுக் கொடுத்தார்.

குருநகரில் அவர் வீட்டு முற்றத்தில், கடலுக்குப் போகாமல் கிடந்த வலைக்குப் பக்கத்தில் நின்றது அந்த ஜப்பான் கார். அது நேசராஜா மாஸ்ரருடையது. இரண்டு மாதமாக மரியரட்ணம் அதைத் துடைத்த துடைப்புக்குத் தன் வள்ளத்தைத் துடைத்திருந்தால் வள்ளம் புதிதாகியிருக்கும்.

"உங்கடை மாஸ்ரர் இண்டைக்கு வருவார் எண்டு ஆர் சொன்னது?" என்றாள் மனைவி அருமைநாயகி.

"கொழும்பாலை வந்த ஆளிட்டைச் சொல்லி அனுப்பியிருக்கிறார், வெள்ளிக்கிழமைக்குக் காரை ஆயத்தமா வைக்கட்டாம் எண்டு. வராத மனிசனுக்கு என்னத்துக்கப்பா கார்?"

அருமைநாயகிக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த நாளில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். போகிறவர் திரும்பி வருவாரென்று இங்கே ஒருவர் பிணை நிற்கவும் வேண்டும். அவர் வரும்வரை பிணை நின்றவர் ஊரைவிட்டு அசைய முடியாது.

மாஸ்ரருக்குப் பிணை நின்றது மரியரட்ணம். மூன்று கிழமையில் வந்துவிடுவேன் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் மாஸ்ரர் கண் ஒப்பிறேசனுக்கு மனைவியோடு கொழும்புக்குப் போனார். சொன்ன தவணை எப்போதோ தாண்டிவிட்டது.

மகள் ஸ்ரெல்லாவுக்கு அடுத்த கிழமை கொழும்பில் கல்யாணம். மாப்பிள்ளை பிரான்சிலிருந்து லீவில் வந்து நிற்கிறான். ஒரே பிள்ளையைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக வேண்டும் என்பது மரியரட்ணத்தின் ஆசை. மாஸ்ரர் வந்தால்தான் அது நடக்கும்.

படலையில் சைக்கிள் மணி கேட்டது. வந்தவர் நீர்வேலி வாழைக்குலை வியாபாரி தம்பிஐயா, மாஸ்ரரிடம் படித்தவர். கரியரிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். உள்ளே சிவப்பு ஒயில்.

"ஸ்ரேறிங் ஒயில் தேடித் திரியிறியள் எண்டு கார் திருத்திற கராச்சிலை சொன்னாங்கள் அண்ணை. என்னட்டைக் கொஞ்சம் கிடந்தது."

மண்ணெண்ணெய்க்கே நாயாய் அலைகிற காலம். மரியரட்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாஸ்ரரிலை எவ்வளவு பற்று, பாத்தியே?" என்றார் மனைவியிடம்.

ஸ்ரேறிங் ஒயில் டப்பாவின் மூடியைக் கழற்றி, கோடு வரைக்கும் ஒயிலை விட்டார். மண்ணெண்ணெயில் ஓடுகிற கார் ஸ்ராட் ஆவதற்காக, வள்ளத்துக்கென்று ஒளித்து வைத்திருந்த பெற்றோலில் நாலு சொட்டை காபுரேற்றருக்குள் ஊற்றினார்.

"தம்பி, ஏறி ஸ்ராட் பண்ணும். ஸ்ரேறிங்கை ரெண்டு பக்கமும் முழுக்கத் திருப்பும். உள்ளுக்கை நிக்கிற காத்துப் போகவேணும்."

தம்பிஐயா கட்டையான ஆள். சீற்றை முன்னுக்கு இழுத்தார். கண்ணாடியையும் தன் உயரத்துக்குச் சரிப்படுத்தினார். கார் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு உறுமியது.

சில்லுகள் இடமும் வலமும் திரும்பின. டப்பாவுக்குள் நுரை எழும்பி அடங்க, மட்டம் இறங்கியது. மரியரட்ணம் மிச்ச ஒயிலையும் விட்டார்.

"இப்ப எப்பிடி?"

"பூப்போலை சுத்துது அண்ணை."

மரியரட்ணம் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். "பிள்ளை ஸ்ரெல்லா! அப்பான்ரை வெள்ளைச் சேட்டையும் பெட்டிக்கை வை! நானும் வாறன்!"

உள்ளேயிருந்து ஸ்ரெல்லாவின் சிரிப்புக் கேட்டது. அருமைநாயகிகூடச் சிரித்துவிட்டாள்.

மரியரட்ணம் பொனற்றை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "தம்பி, சீற்றைப் பழையபடி பின்னுக்குத் தள்ளிவிடும். மாஸ்ரர் உயரமான மனிசன், பின்னேரம் வந்து ஓடேக்கை முழங்கால் இடிக்கும்."

தம்பிஐயா விளங்காமல் அவரைப் பார்த்தார்.

"அண்ணை, மாஸ்ரர் காரை எனக்கு வித்துப்போட்டுக் கனடாவுக்குப் போயிட்டாரெல்லே?"