சொல்லக் கூடாத பதில்

"என் மருமகளைக் கூப்பிடு. அவளைக் கூட்டிட்டுப் போகாம இந்த நாற்காலியை விட்டு நான் எழுந்திரிக்க மாட்டேன்."

கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு அந்த அம்மாள் உட்கார்ந்த வேகத்தில், வரவேற்பறை நாற்காலி ஒரு முறை முனகியது.

மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தவள், பட்டப்படிப்பு முடித்த கையோடு கடல் தாண்டி வந்தவள். பெண்களுக்காக வழக்காடும் அந்த அமைப்பில் ஆறு மாதப் பயிற்சி. சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

"ஊரான் வீட்டுச் சண்டையைத் தீர்க்க ப்ளேன் ஏறிப் போகணுமா?" என்று அப்பா கேட்டதற்கு, "ஆமாம்பா, பஸ் அங்க போகாதே" என்று சொல்லிவிட்டு வந்தவள். அந்த வாய்க்காகவே, மாடியில் அடைக்கலமாகத் தங்கியிருந்த பெண்கள் அவளுக்குச் சின்ன வக்கீல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அமைப்பின் தலைவி கோர்ட்டுக்குப் போயிருந்தார். போகும்போது தினமும் சொல்வதையே அன்றும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"யார் வந்து யாரைக் கேட்டாலும் இருக்காங்கன்னும் சொல்லாதே, இல்லைன்னும் சொல்லாதே. இன்னைக்கு ஒருத்தர்கிட்ட இல்லைன்னு சொல்லிட்டா, நாளைக்கு இன்னொருத்தர்கிட்ட நீ வாயை மூடிட்டிருக்கிறதே இருக்காங்கன்னு சொன்ன மாதிரி ஆயிடும்."

சின்ன வக்கீல் அதை அப்படியே ஒப்பித்தாள். "யார் இருக்காங்க, யார் இல்லைன்னு நாங்க யாருக்கும் சொல்றதில்லைம்மா."

"இது என்ன கூத்து? ஆஸ்பத்திரியில கூட ஆள் இருக்கா இல்லையான்னு சொல்றான்."

"இங்க சொல்ல மாட்டோம்."

வெளியே கார் ஹாரன் அடித்தது. அந்த வாசலுக்குள் ஆண்களுக்கு அனுமதி கிடையாது. அதனால் மகன் காரில் உட்கார்ந்துகொண்டு அம்மாவை உள்ளே அனுப்பியிருந்தான்.

"எம் பையன் காத்துட்டிருக்கான். அவனுக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி."

'தெரியும்' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சின்ன வக்கீல் விழுங்கிக்கொண்டாள்.

மருமகள் மாடியில்தான் இருந்தாள். நாளை மறுநாள் அவளுடைய வழக்கு விசாரணைக்கு வருகிறது. அதுவரை அவள் இருக்குமிடம் கணவனுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் வாசலிலேயே காவல் உட்காருவான். அவள் கோர்ட் வரை போய்ச் சேர மாட்டாள்.

அந்த அம்மாள் குரலைக் குழைத்தாள். "ஏம்மா, நம்ம பாஷை பேசற பொண்ணு. நீயாவது புரிஞ்சுக்கக் கூடாதா?"

"உங்க பேச்சு புரியணும்னுதான் என்னை இங்க உட்கார வெச்சிருக்காங்க."

"நீ இந்த வேலை பாக்கறது உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். தினமும் போன் பண்ணி அழறாங்க."

"அழட்டும்னு விட்டுட்டு வந்துட்டியாக்கும்?"

"ஆமாம்."

"கல்யாணம் ஆச்சா?"

"இல்லை."

"அதானே பார்த்தேன். சைக்கிளே ஓட்டத் தெரியாதவ லாரி ஓட்டக் கத்துக்குடுக்க வந்துட்டா! எம் பையன் கத்துவான்தான். அடுத்த நிமிஷமே பச்சைத் தண்ணியா ஆயிடுவான். இவளுக்குத்தான் ரோஷம். ஒரு வார்த்தை பொறுக்க மாட்டா. அவளை உசுப்பேத்தி வீட்டை விட்டுக் கிளப்பறதுக்கு உங்களை மாதிரி நாலு பேரு."

மறுபடியும் ஹாரன். இந்த முறை நீளமாக.

சின்ன வக்கீலுக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்தே விட்டாள்.

"ஒரு வார்த்தையா? கையை முறிச்சு அனுப்பினது உங்க ஊர்ல வார்த்தையா? நீங்க இங்கயே குடியிருந்தாலும் சரி, அவங்க அந்த வீட்டுக்குத் திரும்பி வர மாட்டாங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அந்த அம்மாளின் பார்வை மெல்ல மாடிப்படிக்குப் போனது.

"ஆக, இங்கதான் இருக்கா."

சின்ன வக்கீல் மேஜையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள்.

"எந்தக் கை?"

அந்த அம்மாள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"முறிஞ்சு போச்சுன்னு எனக்குத் தெரியாது. எந்தக் கைன்னு மட்டும் சொல்லு."

"சொல்ல மாட்டேன்." சின்ன வக்கீல் போய் மாடிப்படிக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். "மேல போகணும்னா என்னைத் தள்ளிட்டுத்தான் போகணும்."

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எழுந்தாள். மாடிப்படிப் பக்கம் வரவில்லை. விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தாள்.

போச்சு, எல்லாம் போச்சு.

சின்ன வக்கீல் ஓடிப் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள். தலைவியிடம் என்னவென்று சொல்வது? மாடியில் இருப்பவளை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது? அவசரத்தில் எண்கள் தப்புத் தப்பாக விழுந்தன.

திறந்திருந்த ஜன்னல் வழியே, அவன் கார்க் கண்ணாடியை இறக்குவது தெரிந்தது.

"என்னம்மா, உள்ள இருக்காளா?" அவன் போட்ட அதட்டல் தெருவுக்கே கேட்டது.

அதைவிடப் பெரிய குரலில் அந்த அம்மாள் கத்தினாள்:

"இல்லடா! ரூம் ரூமா நானே தேடிப் பார்த்துட்டேன். அவ இந்த ஊர்லயே இல்லை. வண்டியை எடு!"