நிற்காத மெஷின்

"பட்டனை அமுக்கினாலும் நிக்க மாட்டேங்குது தம்பி! பிளக்கைப் பிடுங்கினாத்தான் அடங்குது. ஒரே மாசத்துல மூணாவது தடவைலா!"

செல்வநாயகி அம்மாள் பொரிந்து தள்ள, மெக்கானிக் அர்ஜுனன் நல்ல பிள்ளையாக வாஷிங் மெஷினின் பின்மூடியைக் கழற்றினான். உள்ளுக்குள் ஒரே குதூகலம். சமையலறை வாசலில் அவர் மகள் புஷ்பராணி நின்றிருந்தாள்.

வீட்டுக்கு வரும் மெக்கானிக்கைப் பினாங்கில் எல்லாரும் 'அண்ணே' என்பார்கள். அவள் மட்டும் இதுவரை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை. அந்த ஒரே நம்பிக்கையில்தான் அவன் ஒரு மாதமாகத் தரையில் கால் பாவாமல் திரிந்துகொண்டிருந்தான்.

மீட்டரை வைத்தான். அதே கோளாறு. மோட்டாருக்குக் கரண்ட்டை விடுவதும் நிறுத்துவதும் டிரையாக் என்கிற மூன்று கால் துண்டு. அது ஷார்ட் ஆகி, கரண்ட்டை நிறுத்த முடியாமல் கிடந்தது. மோட்டார் சரி, வோல்ட்டேஜ் சரி, போர்டில் கருகின தடம்கூட இல்லை. போன வாரம் தன் கையால் வைத்த புதுச் சரக்கு எப்படிப் போகும்? மண்டையைப் பிய்த்துக்கொண்டான்.

"பாவம், அடிக்கடி செபராங் ஜெயாலேருந்து ஃபெரி ஏறி வரீங்க. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள் புஷ்பராணி.

பாவம் என்றாளே! அர்ஜுனன் ஈயம் உருக்கும் சூடான சால்டரிங் அயர்னைத் தலைகீழாகப் பிடிக்கப் போய்ச் சமாளித்தான்.

ஆனால் முதலாளி அய்யாக்கண்ணு காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னைக்கும் அதே கோளாறுன்னா மெஷினையே மாத்திக் கொடுத்துடு. நீ நாளையிலேருந்து நம்ம கெப்பாலா பத்தாஸ் கிளைக் கடைக்குப் போ, தீவுப் பக்கமே வர வேணாம்."

அர்ஜுனன் மீட்டரை எடுத்துப் பைக்குள் வைத்தான். "அம்மா, நாளைக்குப் புது மெஷின் வந்துடும். இனிமே நான் வர வேண்டியிருக்காது."

"அப்பாடா!" என்று செல்வநாயகி அம்மாள் நனைந்த துணிகளை அள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

புஷ்பராணி பதறிக்கொண்டு கிட்டே வந்தாள்.

"ஐயோ, மெஷினை மாத்திடாதீங்க! முதல் தடவை மட்டும்தான் நிஜமா கெட்டுப்போச்சு. நான் பயான் லெப்பாஸ் ஃபேக்டரியில டிரையாக் டெஸ்ட் பண்றவ. டெஸ்ட்ல தேறாதுன்னு வீசினதுல ஒவ்வொண்ணா எடுத்துட்டு வந்து, ரெண்டு தடவையும் நான்தான் மாத்தி வச்சேன்" என்றவள், முகம் சிவக்கச் சேர்த்துச் சொன்னாள்:

"நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு பார்த்தா, ஒவ்வொரு தடவையும் சால்டரைத்தான் இன்னும் கெட்டியா வைக்கிறீங்க!"