இன்னும் இரண்டு விபத்து

“சார், பள்ளிக்கூட வாசல்ல ஒரு வேகத்தடை போடுங்க. தண்ணி லாரி பறந்து வருது. மணி அடிச்சாலே நெஞ்சு பதறுது” என்றார் அன்வரி பேகம்.

அசோக் நகர் மாநகராட்சி அலுவலகத்தில் பொறியாளர் இசக்கிமுத்து சிரித்தார். “உங்க பயத்துக்கெல்லாம் ரோட்டுல மேடு போட முடியாதும்மா. ரூல்படி மூணு விபத்து நடந்திருக்கணும். இதுவரைக்கும் ஒண்ணுதான்.”

“அந்தப் புள்ள இன்னும் எழுந்து நடக்கல சார்.”

“பாவம்தான். இன்னும் ரெண்டு ஆகட்டும், பாக்கலாம்.”

அன்வரி பேகம் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார்.

“என்ன, மனுவா?”

“இல்ல சார். நான் அங்க தலைமையாசிரியை. உங்க பையன் கேட்டிருந்தாரே, பேத்தி தாரணிக்கு எல்.கே.ஜி.யில இடம் கிடைச்சிருச்சு. திங்கக்கிழமை அனுப்பிடுங்க.”

உறையை வாங்கியவர் நாற்காலியை விட்டு எழுந்தார். “ஞாயித்துக்கிழமைக்குள்ள வேகத்தடை போட்டுடறேன்மா!”

“அப்ப அந்த ரெண்டு விபத்து, சார்?”