எந்தப் பக்கம் விழுவாள்?

நடுவர் விசிலை ஊதிவிட்டுக் கையை நீட்டினார். பெனால்டி!

மைதானமே எழுந்து நின்று கத்தியது. என் வீட்டுக்காரர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

இத்தனைக்கும் பெனால்டி கிடைத்தது அவருடைய கல்லூரிக்குத்தான்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கிறது. முடிய இன்னும் மூச்சு விடுகிற நேரம்தான் பாக்கி. இந்த கோல் விழுந்தால் இறுதிப் போட்டி. இறுதிப் போட்டிக்குப் போய்விட்டால் மனிதருக்குப் பயிற்சியாளர் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இந்தப் பருவத்தோடு சரி. 'ரொம்ப நன்றி சார்' என்று கை குலுக்கி வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

அதை முடிவு செய்ய வேண்டிய கல்லூரி முதல்வர் அம்மா, பெஞ்சுக்கு நேர் பின்னால், என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

பதினைந்து வருடம் பந்தை உதைத்தே குடும்பம் நடத்தியவர் என் வீட்டுக்காரர். முழங்கால் கைவிட்டதும் வீட்டோடு கிடந்தார். கிடந்தார் என்றா சொன்னேன்? கூடத்தையே மைதானமாக்கி, அலமாரிக்கும் நாற்காலிக்கும் நடுவே கோல் கம்பம் கட்டாத குறைதான். இரண்டு குழல்விளக்கும் என் மிக்ஸி மூடியும் காலி. பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் வேண்டும் என்று இந்தக் கல்லூரியிலிருந்து கூப்பிட்டபோது, அவரைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன்.

பயிற்சியாளர் என்று பெயர்தானே தவிர, கால் இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளே யார் பந்தை உதைத்தாலும் வெளியே இவருடைய வலது கால் தானாக எழும். முதல் பாதியிலேயே தண்ணீர் பாட்டில் ஒன்று பறந்தது. உதவிப் பயிற்சியாளருக்குக் கணுக்காலில் ஒரு உதை. பாவம், அந்த மனிதர் அதற்குப் பிறகு இரண்டு அடி தள்ளியே உட்கார்ந்திருந்தார்.

இந்த ஆட்டத்தில் யாரோடு யார் மோதுவது என்று முடிவான நாளிலிருந்து, சாப்பாட்டு மேசையில் பந்துப் பேச்சே எடுக்கக் கூடாது என்று நான் சட்டம் போட்டிருந்தேன். சோறு தொண்டையில் இறங்க வேண்டாமா?

பெனால்டி அடிக்கப்போகிற பெண் கோட்டோரம் ஓடி வந்தாள். ஆள் சிறிசு, ஓட்டம் பெரிசு. அணியில் அவளுக்குப் பெயர் சுண்டெலி.

"சார், அவ எந்தப் பக்கம் விழுவா?"

எதிரணி கோல்கீப்பரைப் பற்றித்தான் கேட்டாள். நெட்டையாக, கையுறைகளைத் தட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். உள்ளே போக வேண்டிய பந்தையெல்லாம் தட்டிவிட்டு, இந்தக் கல்லூரியின் மொத்த வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டவள்.

என் வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"உனக்கு எந்தப் பக்கம் தோணுதோ, அந்தப் பக்கம் அடிம்மா."

உதவிப் பயிற்சியாளர் நெற்றியில் அடித்துக்கொண்டார். முதல்வர் அம்மாவுக்கும் பொறுக்கவில்லை.

"என்னங்க இது? கோல்கீப்பர் நிக்கிற நிலையைப் பார்த்தே எந்தப் பக்கம் விழுவாங்கன்னு சொல்லிடுவாராமே உங்க வீட்டுக்காரர்? அந்தப் பொண்ணுகிட்ட சொன்னா என்னவாம்?"

"தெரிஞ்சிருக்காதுங்க" என்று வாய் கூசாமல் புளுகினேன்.

எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல், பொதுவாகக் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் மனது கேட்கவில்லை, திறந்துவிட்டேன்.

சுண்டெலி ஓடி வந்தாள். அடித்தாள்.

பந்து இடது மூலைக்குச் சீறிக்கொண்டு போனது. கோல்கீப்பரும் அதே மூலைக்குப் பாய்ந்தாள். விரல் நுனியில் பட்டு, பந்து வெளியே தெறித்தது.

ஐயோ!

ஆனால் சுண்டெலி நிற்கவில்லை. ஓடி வந்த வேகத்திலேயே ஓடி, தெறித்து வந்த பந்தை இன்னொரு தட்டு தட்டினாள். கோல்!

அந்தக் கூச்சலில் காது அடைத்துவிட்டது. பிள்ளைகள் கட்டிப் பிடித்து உருண்டார்கள். உதவிப் பயிற்சியாளர் கணுக்கால் வலியை மறந்து ஆடினார். முதல்வர் அம்மா என் கையைப் பிடித்து உலுக்கினார்.

"பார்த்தீங்களா? பந்து உள்ளே போறதுக்கு முன்னாடியே குதிச்சிட்டாரு உங்க வீட்டுக்காரர்! பிள்ளைங்க மேல என்ன ஒரு நம்பிக்கை! இனிமே இவர்தாங்க எங்க கோச்!"

நானும் பார்த்தேன். ஆளுயரத்துக்குக் குதித்திருந்தார், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கி ஓடினேன்.

ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணி வரிசையாக வந்து ஜெயித்த பயிற்சியாளருக்குக் கை கொடுத்தது. கடைசியாக வந்தாள் அந்த நெட்டைப் பெண். முகமெல்லாம் மண். தோற்றவள் மாதிரியே இல்லை, வாயெல்லாம் பல்.

கை கொடுக்கிற சாக்கில் அவரை இழுத்துக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அப்பா, நான் தடுத்ததுக்கு நீ ஏன் குதிச்ச? வேலை வேணுமா வேணாமா உனக்கு?"